தொற்றுநோய்க் காலமும் ரயில் நெரிசலும்



வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு ஊர் என்றவுடன் நினைவுக்கு வருவது ரயில் வண்டி. தங்கையின் திருமணம், குலதெய்வத்தின் திருவிழா, பெற்றோரின் உடல்நலக் குறைவு, எதுவாயினும் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு வண்டி ஏறிவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் ஆயிரம் மைலுக்கு அப்பாலும் நாம் அமைதியாகக் குடித்தனம் நடத்துகிறோம். அந்த வண்டி நாளை முதல் ஓடாது என்று ஒரு செய்தி பரவினால் என்ன ஆகும்? நாட்டில் கொடிய தொத்துநோய் பரவிவரும் சமயத்தில் அத்தகைய செய்தி வந்தால், மக்கள் யாவரும் ஒரே நேரத்தில் நிலையத்தை நோக்கி ஓடுவார்கள். நோய்க்குப் பயந்து ஓடும் அந்தக் கூட்டமே நோய் பரவுவதற்கு வசதியான இடமாகிவிடும். இத்தகைய நெரிசல் ஏன் உண்டாகிறது, அதனை எவ்வாறு தடுக்கலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இதனைக் கொச்சியை அடுத்துள்ள வல்லார்பாடம் என்னும் தீவிலிருந்து தொடங்குவது பொருத்தம். வேம்பநாட்டுக் காயலின் நடுவே, மட்டாஞ்சேரிக்கும் எர்ணாகுளத்துக்கும் அணித்தாக உள்ள சிறு தீவு அது. அங்குள்ள மாதா கோயிலுக்கு எல்லா மதத்தினரும் சென்று வழிபடுவர். 2004 ஆம் ஆண்டில் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும்வரை அத்தீவு மக்களுக்குப் படகே போக்குவரத்து. 2011 இல் அங்கே சரக்குப் பெட்டகத் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன்பொருட்டு இடப்பள்ளியிலிருந்து காயலின்மீது 4.62 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாலமும் கட்டப்பட்டது. 2018 வரை இந்தியாவின் மிக நீண்ட ரயில் பாலம் அதுவே. ஆயினும் அப்பாலத்தின்மீது பிரயாணி வண்டி ஓடுவதில்லை. சரக்கு வண்டிகளுக்காக மட்டுமே அமைந்த பாதை அது.

கொரோனா நோயின் இரண்டாம் அலை நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த 2021 மே 16 ஆம் தேதி அதிகாலையில், ஒடிசாவிலிருந்து புறப்பட்ட ஒரு சிறப்பு வண்டி அப்பாலத்தைக் கடந்து வல்லார்பாடம் வந்து சேர்ந்தது. அதில் ஏறக்குறைய 118 டன் திரவ ஆக்சிஜன் இருந்தது. கேரளத்துக்கு ரயில் மூலம் வந்த முதல் ஆக்சிஜன் வண்டி அது. எத்தனை பெட்டகம், ஒவ்வொன்றிலும் எவ்வளவு எடை, எப்போது புறப்பாடு, எங்கே இறக்குவது என்பவையெல்லாம் வண்டி புறப்படுமுன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தன. ஆகவே வழியில் குழப்பமில்லை.

இதற்கு ஓராண்டுக்கு முன்னர், 2020 மே 1 ஆம் தேதி இரவு, இடப்பள்ளிக்குச் சற்று வடக்கேயுள்ள ஆலுவா நிலையத்திலிருந்து ஒரு வண்டி அதே ஒடிசாவை நோக்கிப் புறப்பட்டது. அதில் இருந்தவர்கள் மனிதர்கள். பெரும்பாவூர் முதலிய இடங்களில் மரப்பலகைத் தொழிற்சாலைகளிலும் கட்டட வேலையிலும் உழைத்து, ஐந்து வாரத்துக்கு மேல் வேலையின்றி அடைபட்டுக் கிடந்து, ஊர் திரும்பிய தொழிலாளர்கள். கேரளத்திலிருந்து புறப்பட்ட முதல் தொழிலாளர் சிறப்பு வண்டி அதுதான். அந்த இரவு ஆலுவாவில் பெரும் குழப்பம் நேரவில்லை. காரணம் என்னவெனில், அந்த வண்டியிலும் யார் யார் ஏறுவது என்பது நிலையத்துக்கு வருமுன்பே முடிவாகியிருந்தது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பார்ப்போம்.

நெரிசலுக்குக் காரணம் மக்கள்தொகை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வருடந்தோறும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இதே நாட்டில் பல இலட்சம் பேர் பிரயாணம் செய்கின்றனர். அங்கே தேதி முன்பே தெரியும். ஆகவே கூட்டம் பல நாட்களுக்குப் பிரிந்துவிடுகிறது. தொத்துநோய்க் காலத்திலோ எல்லாருக்கும் ஒரே எண்ணம் ஒரே மணியில் தோன்றுகிறது. ‘இன்று போகாவிட்டால் என்றும் போக முடியாது’ என்பதே அவ்வெண்ணம். கூட்டத்தைப் பெருக்குவது அச்சம். அச்சத்தைப் பெருக்குவது செய்தியின் குறைபாடு.

உலகெங்கும் இதற்குச் சான்று உண்டு. சீனத்தின் வூஹான் நகரில் 2020 ஜனவரி 23 ஆம் தேதி காலை 10 மணி முதல் ரயில் நிலையங்கள் மூடப்படும் என்று அன்று பின்னிரவு 2 மணியளவில் அறிவித்தனர். இடைப்பட்ட எட்டு மணி நேரத்தில் ஏராளமானோர் நகரை விட்டுப் புறப்பட்டுச் சென்றனர். அவ்வாண்டு மார்ச்சு 7 ஆம் தேதி இரவு, இத்தாலியின் வட பகுதியை அடைக்கப்போகிறார்கள் என்ற அரசாணையின் வரைவு முறையாக வெளிவருமுன்பே கசிந்துவிட்டது. உடனே மிலான் நகர நிலையங்களில் தெற்கே செல்லும் வண்டிகளைப் பிடிக்க மக்கள் ஓடினர். செல்வ நாடு, ஏழை நாடு என்ற வேற்றுமை இதில் இல்லை.

நம் நாட்டிலும் இது புதியதன்று. 1896 இல் பம்பாயில் பிளேக் நோய் தோன்றியபோது சில மாதங்களுக்குள் இலட்சக்கணக்கானோர் ரயிலிலும் படகிலும் கால்நடையாகவும் நகரை விட்டு வெளியேறினர். ஆலைகளில் ஆளில்லாமற் போயிற்று. 1897 இல் தொத்துநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. ரயில் நிலையங்களில் பிரயாணிகளை இறக்கிச் சோதிக்கும் வழக்கமும் ஏற்பட்டது. மீண்டும் 1994 செப்டம்பரில் சூரத்து நகரில் பிளேக் என்ற செய்தி பரவியபோது, நெசவாலைகளிலும் வைரப் பட்டறைகளிலும் வேலை செய்த பிற மாநிலத்தார் பெருங்கூட்டமாக ரயில் ஏறினர். நூறு ஆண்டு இடைவெளியில் மருத்துவம் எவ்வளவோ வளர்ந்திருந்தது. ஆனால் கூட்டத்தின் இயல்பு சிறிதும் மாறவில்லை.

இனி 2020 ஆம் ஆண்டைச் சற்று விரிவாகப் பார்ப்போம். மார்ச்சு மாத நடுவில் ரயில்வே நிர்வாகம் முதலில் செய்தது, நடைமேடைச் சீட்டின் விலையைப் பல நிலையங்களில் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக உயர்த்தியது. வழியனுப்ப வருவோரைக் குறைப்பதே நோக்கம். சிறிய நடவடிக்கைதான், ஆயினும் பயனுள்ளது. ஒரு பிரயாணியை வழியனுப்ப மூவர் வருவது நம் வழக்கம். அம்மூவர் வாராதிருந்தால் நடைமேடையில் நான்கில் ஒரு பங்குக் கூட்டமே இருக்கும்.

ஆனால் அதற்குள் ஊரடங்கு வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தது. மார்ச்சு 20, 21 தேதிகளில் மும்பை, புனே நிலையங்களில் வட மாநிலத் தொழிலாளர்கள் குவிந்தனர். மார்ச்சு 22 ஆம் தேதி, நாடு முழுவதும் பிரயாணி வண்டிகள் நிறுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 25 ஆம் தேதி ஊரடங்கு தொடங்கிற்று. சரக்கு வண்டிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அரிசியும் நிலக்கரியும் மருந்தும் தடையின்றிச் சென்றன, மனிதர் நின்றுவிட்டனர்.

மார்ச்சு 28 ஆம் தேதி தில்லி ஆனந்த விஹார் பேருந்து நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். மறுநாள் கேரளத்தில், கோட்டயம் மாவட்டத்துப் பாயிப்பாட்டில், பிற மாநிலத் தொழிலாளர் பெருந்திரளாகத் தெருவில் கூடி ஊருக்கு அனுப்புமாறு கேட்டனர். ஏப்ரல் 14 ஆம் தேதி ஊரடங்கு மே 3 வரை நீட்டிக்கப்பட்டது. அன்று மாலையே மும்பை பாந்திரா நிலையத்தருகே பெருங்கூட்டம் கூடியது. ஊருக்கு வண்டி விடுகிறார்கள் என்ற வதந்தியே காரணங்களுள் முக்கியமானது. இதில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. ஏப்ரல் 15 முதல் வண்டிகள் ஓடும் என்று எண்ணி மக்கள் முன்பதிவு செய்துகொண்டிருந்தனர். நீட்டிப்பின்போது ஏறக்குறைய 39 இலட்சம் டிக்கெட்டுகள் ரத்தாயின. கையில் டிக்கெட்டை வைத்திருப்பவன் வண்டி ஓடும் என்று நம்புவது இயல்பே. ஒருபுறம் சீட்டு விற்பனை, மறுபுறம் வண்டியில்லை என்ற அறிவிப்பு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில்தான் வதந்தி குடிபுகுந்தது.

மே 1 ஆம் தேதி நிலைமை மாறிற்று. அன்று அதிகாலை தெலுங்கானாவிலுள்ள லிங்கம்பள்ளி நிலையத்திலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்கு முதல் தொழிலாளர் சிறப்பு வண்டி புறப்பட்டது. 24 பெட்டிகள், ஏறக்குறைய 1,200 பேர். 72 படுக்கைகள் உள்ள பெட்டியில் 54 பேர் மட்டுமே அனுமதிக்கப்பட்டனர். எட்டுப் பேர் இருக்கவேண்டிய இடத்தில் ஆறு பேர் என்ற கணக்கு.

இவ்வண்டிகளுக்கு வகுத்த முறை என்ன? பிரயாணி எவரும் தாமாக நிலையத்துக்கு வந்து டிக்கெட் வாங்க முடியாது. அனுப்பும் மாநில அரசு பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கவேண்டும். உடல் வெப்பத்தைச் சோதிக்கவேண்டும். பேருந்துகளில் கூட்டமாகவன்றிக் குழுக் குழுவாக அழைத்து வரவேண்டும். டிக்கெட்டுகளை மொத்தமாகப் பெற்று வழங்கவேண்டும். அவ்வாறு அழைத்து வரப்பட்டவரைத் தவிர வேறு எவரையும் நிலையத்துள் விடலாகாது. சுருங்கச் சொன்னால், நிலையத்தின் வாசலை ஊருக்குள் இருக்கும் முகாமுக்கே கொண்டுபோய் வைத்தார்கள்.

இம்முறையின் பயனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 1,200 பேர் ஏறவேண்டிய வண்டி என்று வைத்துக்கொள்வோம். ஒருவரின் பெயரைச் சரிபார்த்து உடல் வெப்பத்தைச் சோதிக்க ஒரு நிமிடம் ஆகும் என்றால், ஒரே மேசையில் எல்லாரையும் சோதிக்க 20 மணி நேரம் வேண்டும். 20 மேசைகளை நிலைய வாசலிலேயே போட்டால் ஒரு மணியில் முடியும். ஆனால் 1,200 பேரும் அதே வாசலில் நெருங்கி நிற்பர். அந்த 20 மேசைகளை 20 முகாம்களில் போட்டால், ஒவ்வொரு மேசையின் முன்பும் 60 பேர்தான். வேலை அதே வேலை. நேரமும் அதே நேரம். நெரிசல் மட்டும் இல்லை. பின்னர் ஒரு பேருந்துக்கு 30 பேர் என்று 40 பேருந்துகள் வரவேண்டும். நாற்பதும் ஒன்றாக வந்தால் திருவிழாக் கூட்டம். ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால், மூன்று மணி இருபது நிமிடத்தில் வண்டி நிறைந்துவிடும். எந்த நேரத்திலும் வாசலில் சிலரே நிற்பர்.

படகுத் துறைகளில் வாழ்ந்தவர்களுக்கு இந்த உண்மை நன்கு தெரியும். அனுபவமுள்ள தோணிக்காரன் ஆட்களைக் கரையிலேயே எண்ணிவிடுவான். தோணி நடுக்காயலை அடைந்தபின் எண்ணிப் பயனில்லை. ரயிலுக்கும் அதுவே நியதி. நடைமேடையில் கூட்டம் சேர்ந்தபிறகு போலீசாராலும் கயிற்றாலும் தடியாலும் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஆறேழு பேர் நெருங்கிவிட்டால், அங்கே எவரும் தம் விருப்பப்படி ஓர் அடி வைக்க முடியாது. கூட்டம் நீர்போல் தானே அசையும். விழுந்தவர் எழ முடியாது.

ஆனால் கரையில் எண்ணும் இந்த நல்ல முறையும் குறையின்றி நடந்தது என்று சொல்வதற்கில்லை. மே 8 ஆம் தேதி, மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத் மாவட்டத்தில், ஊருக்கு வண்டி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் இரும்புப் பாதை வழியே நடந்துவந்த தொழிலாளர்கள் களைப்பால் தண்டவாளத்திலேயே உறங்கிவிட்டனர். பிரயாணி வண்டிகள் இல்லையாதலின் பாதையில் வண்டியே வராது என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். சரக்கு வண்டி வந்தது. 16 பேர் மாண்டனர். பட்டியலில் பெயர் எழுதப்படாதவனுக்கு, எத்தனை சிறப்பு வண்டிகள் ஓடினாலும் அவை இல்லாதவையே என்பதை அந்த விடியற்காலை நமக்குக் காட்டிற்று.

அடுத்து, பாதையின் கொள்ளளவு. மே 11 முதல் ஒரு வண்டியில் ஏறக்குறைய 1,700 பேர் ஏற்றப்பட்டனர். சேரும் மாநிலத்தில் மூன்று இடங்களில் நிற்கவும் அனுமதித்தனர். வண்டிகளின் எண்ணிக்கையும் விரைந்து பெருகிற்று. அவற்றுள் பெரும்பான்மை உத்தரப் பிரதேசத்துக்கும் பீகாருக்கும் சென்றன. இறங்கும் நிலையத்திலும் ஒவ்வொருவரையும் சோதித்துப் பேருந்தில் அனுப்பவேண்டுமல்லவா? ஒரு வண்டி காலியாகுமுன் அடுத்த வண்டி வந்து வெளியே நின்றது. இட்டார்சி, ஜபல்பூர் வழியே செல்லும் பாதையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கியடித்தன. சிலவற்றை வேறு பாதையில் திருப்பிவிட்டார்கள். மே மாதக் கடும் வெயிலில், ஒரு நாளில் சேரவேண்டியவர்கள் இரண்டு மூன்று நாட்கள் தண்ணீரும் உணவும் போதாமல் தவித்தனர். ஏற்றுமிடத்தில் நெரிசலைத் தவிர்த்துவிட்டு, இறக்குமிடத்தில் அதனை உண்டாக்கினால் பயனென்ன? பட்டியல் இரு முனையிலும் வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

மே 28 ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தானாகவே இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டு, தொழிலாளரிடம் கட்டணம் வாங்கலாகாது என்றும், புறப்படும் நிலையத்தில் உணவும் நீரும் அனுப்பும் மாநிலமும், வழியில் ரயில்வேயும் தரவேண்டும் என்றும் ஆணையிட்டது. ஆகஸ்டு முடிய 4,600-க்கு மேற்பட்ட சிறப்பு வண்டிகளில் ஏறக்குறைய 63 இலட்சம் பேர் பிரயாணம் செய்தனர். இது பெரிய சாதனைதான். அதே நேரத்தில், அவ்வண்டிகளில் 97 பேர் இறந்தனர் என்று செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஊர் திரும்பும் வழியில் இறந்த தொழிலாளர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அத்தகைய கணக்கு வைக்கப்படவில்லை என்பதே பதிலாக இருந்தது.

இவ்விடத்தில் நம் தமிழ்நாட்டு அனுபவம் ஒன்றையும் நினைவுகூர வேண்டும். முன்னாளில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் மண்டபத்தில் ஒரு முகாமில் சில நாட்கள் தங்கவைக்கப்பட்டனர். காலரா, பிளேக் முதலிய நோய்கள் இல்லையென்று மருத்துவர் கண்டபிறகே கடல் கடக்க அனுமதித்தனர். அவ்வூரின் ரயில் நிலையம் ஒன்றுக்கு இன்றளவும் மண்டபம் கேம்ப் என்றே பெயர். கப்பல் துறையில் நெரிசலைத் தவிர்க்க அது திறமையான ஏற்பாடுதான். ஆனால் அங்கே எண்ணியது தோட்டத்தின் நலனுக்காக. எண்ணப்பட்டவரின் நலனுக்காக அன்று. இன்று நாம் வேண்டுவது வேறு. பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தம் முறை எப்போது வரும் என்று தெரியவேண்டும். அதுவரை உண்ண உணவும் இருக்க இடமும் வேண்டும். இவை இருந்தால் ஒருவன் பத்து நாளும் காத்திருப்பான். இவை இல்லாதபோது பத்து நிமிடமும் காத்திருக்கமாட்டான்.

மத்திய அரசு அலுவலகத்தில் அறிவிப்புகளை மொழிபெயர்ப்பது என் தொழிலாதலின், இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நெரிசல் பல சமயங்களில் ஒரு வாக்கியத்திலிருந்து பிறக்கிறது. ‘உரிய அதிகாரிகளால் முறைப்படி நியமிக்கப்பெற்ற பிரயாணிகள் மட்டுமே சிறப்பு வண்டிகளில் அனுமதிக்கப்படுவர்’ என்று ஓர் அறிவிப்பு வந்தால், களைத்துக் கிடக்கும் தொழிலாளியின் காதில் விழுவது ‘சிறப்பு வண்டி’ என்ற இரண்டு சொற்களே. உடனே மூட்டையைத் தூக்கிவிடுவான். அதற்குப் பதிலாக, ‘நீங்கள் நிலையத்துக்கு வரவேண்டாம். உங்கள் பெயரைத் தங்கியிருக்கும் இடத்திலேயே எழுதிக்கொள்வோம். உங்கள் முறை வந்ததும் பேருந்து உங்கள் இடத்துக்கு வரும். வண்டிகள் பல நாட்கள் ஓடும்; எல்லாருக்கும் இடம் உண்டு’ என்று சொன்னால் எவ்வளவு தெளிவு! அறிவிப்பின் முதல் வாக்கியம், வரவேண்டாதவர் யார் என்பதைக் கூறவேண்டும். அதுவும் கேட்பவனின் தாய்மொழியில் இருக்கவேண்டும். கேரளத்தில் ஒடியாவிலும் வங்காளியிலும் இந்தியிலும் பேசத் தெரிந்தவர்கள் அக்காலத்தில் எவ்வளவு தேவைப்பட்டனர் என்பதை எண்ணிப்பார்த்தால், மொழிபெயர்ப்பும் ஒருவகைச் சுகாதாரப் பணியே என்பது விளங்கும். மராத்தி நாட்டில் உள்ள தமிழ்த் தொழிலாளிக்கும் தமிழில் அறிவிப்பு வேண்டுமன்றோ?

2021 ஏப்ரலில் இரண்டாம் அலை எழுந்தபோது முந்திய ஆண்டின் பாடம் ஓரளவு பயன்பட்டது. மும்பை லோகமான்ய திலக் முனையத்தில் கூட்டம் திரளத் தொடங்கியவுடன், நடைமேடைச் சீட்டு விற்பனையை நிறுத்தினர். உறுதியான டிக்கெட் உள்ளவரை மட்டும் உள்ளே விட்டனர். கூடுதல் வண்டிகளை விட்டு, வண்டிகள் நிற்கமாட்டா என்று திரும்பத் திரும்ப அறிவித்தனர். அச்சம் தணிந்தால் கூட்டமும் தணியும். நோய் இல்லாத காலத்திலும் இந்த நியதி மாறுவதில்லை. 2025 பிப்ரவரி 15 ஆம் தேதி, கும்பமேளாச் சமயத்தில், புதுதில்லி நிலையத்தில் 18 பேர் நெரிசலில் உயிரிழந்தனர். பெயர் ஒற்றுமையுள்ள வண்டிகளைப் பற்றிய அறிவிப்பினால் உண்டான குழப்பமும் அதற்குக் காரணமாகப் பேசப்பட்டது. அதன்பின், 60-க்கும் மேற்பட்ட நெரிசல் மிகுந்த நிலையங்களில், நடைமேடைக்கு வெளியே பிரயாணிகள் தங்கி வண்டி வந்தபின் உள்ளே செல்வதற்கான இடங்களை அமைப்பதென ரயில்வே தீர்மானித்தது. கரையில் எண்ணும் முறைதான் இதுவும்.

நேயர்களே, அரசாங்கம் செய்யவேண்டியது இவ்வளவு. வெளியூரில் வாழும் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, கணக்கில் இடம்பெறுவது. பிற மாநிலத்துக்குத் தொழிலாளரை அழைத்துச் செல்வோர் அவர்களைப் பதிவு செய்யவேண்டும் என்று 1979 இலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் 2020 இல் பட்டியல் கேட்டபோது பல இடங்களில் பட்டியல் இல்லை. 2021 ஆகஸ்டில் அமைப்புசாராத் தொழிலாளர்க்கென இ-ஷ்ரம் என்ற பதிவு முறை தொடங்கப்பட்டது. பதிவு செய்வோருக்கு 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். நம் குடியிருப்பில் உள்ள தமிழ்த் தொழிலாளர் ஒவ்வொருவரும் இதில் பதிந்திருக்கிறாரா என்று படித்தவர்கள் கேட்டுப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, உணவு. 2020 இல் பலரை நிலையத்துக்குத் துரத்தியது நோயன்று, பசி. ஊரிலுள்ள ரேஷன் அட்டையைக் கொண்டே இப்போது எந்த மாநிலத்திலும் தானியம் வாங்கலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் அட்டைக்கு இவ்வசதி உண்டு. ஆபத்து வந்தபின் இதனைக் கற்பதைவிட, இன்றே ஒரு முறை வாங்கிப் பழகுவது நன்று.

மூன்றாவது, செய்தி. வண்டி ஓடுகிறதா என்ற ஐயம் எழுந்தால் நிலையத்துக்கு ஓடவேண்டாம். ரயில்வேயின் 139 என்ற எண்ணில் கேட்கலாம். கைபேசியில் வந்த செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன், தேதியும் நிலையத்தின் பெயரும் அதில் உண்டா என்று பாருங்கள். அவை இல்லாத செய்தியை நம்மோடு நிறுத்திக்கொள்வதே நாட்டுக்குச் செய்யும் தொண்டு.

நான்காவது, கூட்டுறவு. தமிழர் வாழும் பெருநகரங்களில் தமிழ்ச் சங்கங்கள் உண்டு. கொச்சியின் வாத்துருத்திக் குடியிருப்பையும் மும்பையின் தாராவியையும் போன்று நம்மவர் செறிந்து வாழும் இடங்களும் உண்டு. அங்கெல்லாம் தெருவாரியாக ஒரு குறிப்பேடு இருக்கட்டும். எத்தனை குடும்பம், எந்த மாவட்டம், கருவுற்ற பெண்கள் யார், முதியோர் யார், நாள்தோறும் மருந்து உண்பவர் யார் என்பவை அதில் இருந்தால், தேவை வரும்போது அதிகாரியின் கையில் கொடுக்க ஒரு பட்டியல் தயாராக இருக்கும். 2020 மே மாதத்தில் பண்டரிபுரத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குத் தமிழரை ஏற்றிக்கொண்டு ஒரு சிறப்பு வண்டி வந்தது. அத்தகைய வண்டி வருவதற்கு, எங்கே எத்தனை பேர் தவிக்கின்றனர் என்று யாரேனும் முதலில் எழுதியாகவேண்டும். அந்த எழுத்து வேலை நம்முடையது.

வல்லார்பாடத்துப் பாலத்தின்மீது செல்லும் ஒவ்வொரு பெட்டகத்துக்கும் ஓர் எண் உண்டு. அது சேரும் இடம் முன்பே குறிக்கப்பட்டிருக்கும். பெட்டகத்துக்குக் காட்டும் அந்த அக்கறையை மனிதனுக்கும் காட்டினால் போதும். மனிதனுக்குக் கூடுதலாக வேண்டுவது ஒன்றே. ‘உன் முறை இந்த நாளில் வரும்’ என்று அவனுக்குப் புரியும் மொழியில் யாராவது சொல்லவேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும். அவ்வாறு நடக்குமாயின், அடுத்த முறை நோய் வரும்போது நம் நிலையங்களில் வரிசை இருக்கும், நெரிசல் இராது.